ஸ்க்ரூவின் மேல் நீலப் பொட்டு

ஒரு கம்ப்யூட்டரைச் சரி செய்து மூடியதும், பின்பக்க ஸ்க்ரூ ஒன்றின் தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைப்பேன், ஐயா. நீல நிறம். வீட்டில் பெண்பிள்ளை இல்லாதவன் எவளுக்கு வாங்குகிறான் என்று கடைக்காரர் கேலி செய்வார். காரணம் சின்னது. பொட்டு கீறியிருந்தால் வேறு கை பட்டிருக்கிறது.

அன்று காலை அத்தான் என் கடையில் கொண்டுவந்து வைத்த கம்ப்யூட்டர் பெட்டியில் பொட்டு கீறியிருந்தது.

அத்தான் என் அக்காவின் கணவர். அந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்தவன் நான். மாதம் தவறாமல் அவர்கள் வீட்டுக்குப் போய் பேக்கப் எடுத்தவனும் நான்தான். அதில் அவர்கள் மகளின் குரல் இருந்தது. எட்டு வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். மைக்கைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்ன கதைகள், திட்டிய திட்டுகள், பாதியில் நின்ற பாட்டுகள். அக்கா சாயங்காலம் துணி மடிக்கும்போது அதைத்தான் கேட்பாள். பெட்டியில் ஒன்று, பேக்கப் டிஸ்கில் ஒன்று. வேறு பிரதி கிடையாது.

"மாப்ளே, ஆன் பண்ணா கறுப்பாத்தான் வருது. ஒரு வெள்ளைக் கோடு மட்டும் கண்ணடிக்குது."

"உங்களப் பாத்து அதுவாவது கண்ணடிக்குதே, அத்தான். யாராச்சும் திறந்தாங்களா?"

"யாரு திறப்பா? நீதானே நம்ம வீட்டு டாக்டர்."

சிரித்துக்கொண்டே சொன்னார். பெட்டியையும் பேக்கப் டிஸ்கையும் என்னிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போனார்.

அக்காவுக்குப் போன் செய்தேன். அவளுக்கு மறைக்கத் தெரியாது.

"பழைய டிஸ்க் செத்துப்போச்சுடா. உன் கடைக்கு எதிர்க் கடைத் தம்பிதான் புதுசு போட்டு பேக்கப்ப ஏத்தினாரு. ஏத்தின பிறகு கிளம்பல. நாளைக்குப் பாக்கறேன்னாரு, இவருக்குப் பொறுக்கல. இவருதான் உங்கிட்ட சொல்லாதன்னாரு. நீ கோவிச்சுப்பியாம்."

நான் கோபித்துக்கொள்ளவில்லை. எதிர்க் கடைக்காரன் என் மேசையில் தொழில் கற்றவன். ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் போய், தெருவின் அந்தப் பக்கம் போர்டு மாட்டினான். வளர்த்த கடா மார்பில் பாயும் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தக் கடாவுக்கு என் வீட்டு ஆளே புல் கொண்டுபோய்ப் போடுவார் என்றுதான் நான் நினைத்திருக்கவில்லை.

பெட்டியில் பெரிய கோளாறு இல்லை. டிஸ்கை மாற்றியபோது அவன் மதர்போர்டில் இருந்த சின்ன பேட்டரியையும் மாற்றியிருக்கிறான். அதனால் நான் வைத்திருந்த செட்டிங் எல்லாம் போய், கம்பெனி வைத்த புது முறைக்குத் திரும்பிவிட்டது. பேக்கப்போ பழைய முறையில் கிளம்புவது. ஒரே ஒரு வரியை மாற்றினேன். கிளம்பிவிட்டது. அவன் வேலை சுத்தம். ஒரு பதிவுகூடக் குறையவில்லை.

திரையில் அக்கா மகள் நாக்கை நீட்டிக்கொண்டு நின்றாள். முதல் பதிவைத் திறந்தேன்.

"மாமா, இதுல பேசினா உள்ள போயிடுமா?"

"போயிடும். பேசு."

இரண்டாவது குரல் என்னுடையது.

எல்லாவற்றையும் கேட்டேன். பிறகு அழித்தேன். பேக்கப் டிஸ்கையும் விடவில்லை. சும்மா அழித்தால் யாராவது மீட்டுவிடுவார்கள். அதனால் மேலே பூஜ்யங்களை எழுதி நிரப்பினேன். உங்கள் போலீஸ் நிபுணர் சொல்லும் நேரம் சரிதான். அப்போது பெட்டி என்னிடம்தான் இருந்தது.

மத்தியானம் அத்தான் வந்தார்.

"உள்ள ஒண்ணுமே இல்ல, அத்தான். துடைச்சு வச்சிருக்கான். பேக்கப்பையும் சேத்து."

"யாரு?"

"நீங்க யார்கிட்ட குடுத்தீங்களோ, அவன்."

தலையைக் குனிந்துகொண்டார். "கைத்தவறா இருக்கும்" என்றார்.

"கைத்தவறா இப்படி அழிக்க முடியாது."

தொழில்முறையில் அது உண்மையான வாக்கியம்.

அத்தான் இரும்புப் பட்டறையில் சம்மட்டி அடிப்பவர். மகள் போன அன்று ஆஸ்பத்திரியில் டாக்டரின் கழுத்தைப் பிடித்துவிட்டார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தவன் நான். அந்தக் கையை எனக்குத் தெரியும். அவர் தெருவைக் கடப்பதைப் பார்த்தேன். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். பெட்டியை மூடி, ஸ்க்ரூவில் புதுப் பொட்டு வைத்தேன். அது காய்வதற்குள் எதிர்க் கடையில் சத்தம் நின்றுவிட்டது.

நான் யார் மேலும் கை வைக்கவில்லை. செத்துப்போன அந்தப் பையனுக்காக எனக்கு வருத்தம் உண்டு. நல்ல கை. அக்கா இப்போது சாயங்காலத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறாளாம். மடிக்க அவள் துணி மட்டும்தானே.

நான் கல்மனசுக்காரன் இல்லை, ஐயா. அழிப்பதற்கு முன் ஒரு பிரதி எடுத்து வைத்தேன். மேசை இழுப்பறையில், நெயில் பாலிஷ் புட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஜெயிலில் அத்தானிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். அவராகக் கேட்டால் கொடுத்துவிடுவேன். இந்த முறையாவது அவர் முதலில் என்னிடம் வரட்டும்.