தொண்ணூற்றொன்பதிலிருந்து பூஜ்யம் வரை

என் நிலவறையில் ஈரம் கிடையாது. மேஸ் ஆற்றை ஒட்டி வீடு வைத்திருப்பவர்களுக்கு அதன் அருமை தெரியும். எதிர்வரிசையில் மதாம் குனாஸ் வீட்டு நிலவறையில் உருளைக்கிழங்கு ஒரு மாதம் தாங்காது. என்னுடையதில் ஐம்பத்திரண்டாம் வருடத்துக் காகிதம் இன்னும் மொடமொடவென்று இருக்கிறது.

உங்கள் ஆட்களில் ஒருவர் இன்று படி இறங்கும்போது, "பாவம், இந்த ஈரத்துலயா வச்சிருந்தாரு" என்றார். அதை மட்டும் திருத்திவிடுங்கள், இன்ஸ்பெக்டர் மேடம். மற்றவற்றை நான் மறுக்கப்போவதில்லை.

அந்தக் காகிதம் தளபதி ஓரெல் படக்கதை. வியாழக்கிழமைதோறும் வாரப் பத்திரிகையில் இரண்டு பக்கம் வரும். எனக்கு எட்டு வயது. நெஞ்சில் நீர் கோத்துப் படுத்திருந்தேன். அப்பா எஃகு ஆலையில் வேலை முடிந்து வரும்போது வாங்கி வருவார். கையில் கரி இருக்கும் என்பதால் பத்திரிகையை ஓரத்தில் பிடித்துக் கொடுப்பார்.

ஓரெலின் விண்கப்பலுக்குத் தகைவிலான் என்று பெயர். ஓட்டுவது ஓரெல். கிளப்புவது பொட்சோன். பொட்சோன் பொறியாளர், நம் செரேன் ஊர்க்காரர், தொப்பை உண்டு. ஒவ்வொரு கதையும் ஒரு முழுப் பக்கத்தோடு தொடங்கும். அதில் நூறு சின்னக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பொட்சோனின் முகம், பக்கத்தில் ஓர் எண், எழுத்தால் எழுதியது. தொண்ணூற்றொன்பதில் தொடங்கிப் பூஜ்யம் வரை. கட்டத்துக்குக் கட்டம் நெற்றியில் ஒரு வியர்வைத் துளி கூடும். மற்றப் பையன்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். நான் புரட்டவில்லை.

டாக்டர் என் அம்மாவிடம், இன்னும் ஒரு வாரம்தான் என்று சொன்னார். கதவு சரியாகச் சாத்தவில்லை, எனக்குக் கேட்டது. நான் பொட்சோனோடு எண்ணினேன். ஒரு மூச்சுக்கு ஒரு கட்டம். பூஜ்யம் வந்தபோது நான் இருந்தேன். மறுபடி எண்ணினேன்.

இந்த இடத்தில் ஒரு விளக்கம். உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் இந்த வாக்குமூலத்தைப் பாரிஸிலும் படிப்பார்கள். நாம் தொண்ணூறை ஒரே சொல்லில் சொல்கிறோம். எழுபதையும் அப்படியே. எல்லைக்கு அந்தப் பக்கம், நம்முடைய அதே பிரெஞ்சு மொழியைப் பேசும் பாரிஸ்காரர்களிடம் இந்த எண்களுக்குச் சொல் இல்லை, கணக்குதான் இருக்கிறது. எழுபத்தேழை அறுபது பதினேழு என்பார்கள். தொண்ணூற்றொன்பதை நாலு இருபது பத்தொன்பது என்பார்கள். நான் குறை சொல்லவில்லை. எண்ணத் தெரியாதவர்களும் வாழ வேண்டும்.

இரண்டு வருடங்களுக்கு முன் பாரிஸில் ஒரு பதிப்பகம் ஓரெலின் உரிமையை வாங்கியது. மொத்தக் கதைகளையும் கெட்டி அட்டையில் போடத் தொடங்கினார்கள். முதல் தொகுதியைக் கிறிஸ்துமஸுக்கு என் மனைவி ஜோசெத் வாங்கித் தந்தாள். முதல் பக்கத்தைத் திறந்தேன். மூடினேன். நன்றி சொன்னேன்.

பொட்சோன் நாலு இருபது பத்தொன்பது என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதோடு விடவில்லை. இவ்வளவு நீளமான எண் அந்தச் சின்னக் கட்டத்தில் அடங்காது அல்லவா? அதனால் கட்டங்களைப் பெரிதாக்கி, எண்களைக் குறைத்துவிட்டார்கள். ஐந்துக்கு ஒன்று. நூறு கட்டம் இருபது கட்டமாகிவிட்டது. வியர்வை ஒரு துளியிலிருந்து நேராக ஆறு துளிக்குத் தாவுகிறது. அப்படி எண்ணிக் கிளப்பிய கப்பலில் நான் ஏற மாட்டேன். நீங்களும் ஏறாதீர்கள், மேடம்.

நாற்பத்தொரு கடிதம் எழுதினேன். எல்லாம் மரியாதையான கடிதங்கள். நகல் அலமாரியில் இருக்கிறது. மூன்றாவது கடிதத்தில் ஒரு வரி எனக்கே பிடித்தது: தன் வயதைச் சொல்ல ஒரு மனிதன் பெருக்கலும் கூட்டலும் போடவேண்டியிருந்தால் அந்த ஊரை நாகரிகமான ஊர் என்று சொல்ல முடியாது. பதிலுக்கு ஓரெல் படம் போட்ட அட்டை ஒன்று வந்தது. "அன்புள்ள இளம் வாசகரே, உன் ஆர்வத்துக்கு நன்றி" என்று அச்சடித்திருந்தது.

நாற்பத்திரண்டாவது கடிதத்தில், முதல் கதையின் எண்ணிக்கைப் பக்கம், ஓவியர் கையால் வரைந்த அசல், என்னிடம் இருக்கிறது என்று எழுதினேன். அது உண்மை. எழுபத்தொன்றில் என் சைக்கிளைக் கொடுத்து வாங்கினேன். மூன்றாம் நாள் பதிப்பாசிரியரே தொலைபேசியில் வந்தார். பெயர் திபோ மர்சியாக். நாற்பது வயதுகூட இல்லாத குரல்.

"மிசியே லோனூல், நிஜமாவே உங்ககிட்ட இருக்கா? அசலா?"

"இருக்கு."

"நூறு கட்டமும்?"

"நூறும்."

"ஐயோ. வெள்ளிக்கிழமை வரட்டுமா? சனிக்கிழமையிலேர்ந்து எனக்கு ரெண்டு வாரம் லீவு. தனியா மலை ஏறப் போறேன், அங்க போன்கூட எடுக்காது."

வெள்ளிக்கிழமை வசதிப்படும் என்றேன்.

நான் கொதிகலன் செய்கிறவன். ஓய்வு பெற்ற பிறகு நிலவறையில் தகைவிலானின் அறையைக் கட்டினேன். பத்தொன்பது வருட வேலை. பன்னிரண்டு மில்லிமீட்டர் தகடு, கதவுக்கு வெளிப்பக்கம் ஏழு தாழ்ப்பாள், உள்ளே ஒரு நாற்காலி, அளவுமானிகள், கட்டில், ஒரு மூடி போட்ட வாளி. படக்கதையில் வாளி கிடையாது. அதை அந்த வாரம்தான் சேர்த்தேன். காற்றுத் துளை நாற்பது, தட்டு நுழைகிற வழி ஒன்று உண்டு. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அவர் இனிப்புப் பெட்டியோடு வந்தார். வாசலிலேயே ஜோசெத் என்னை அடக்கினாள்.

"வந்ததும் வராததுமா நிலவறைக்கு இழுத்துட்டுப் போகாத. முதல்ல காப்பி குடிக்கட்டும். உட்காருங்க தம்பி. இப்படி ஒல்லியா இருக்கீங்களே, பாரிஸ்ல சோறு போட மாட்டாங்களா?"

காப்பி குடித்தார். அசல் பக்கத்தைப் பார்த்தார். சின்ன வயதில் அவரும் ஓரெல் படித்தவராம். எண்ணிக்கைப் பக்கத்தை மட்டும் புரட்டிவிடுவாராம். பிறகு விண்கப்பல் அறையைப் பார்த்துக் கண் கலங்கினார்.

"உள்ள உட்காரலாமா?"

அவர்தான் கேட்டார். நான் கேட்கவில்லை.

தகைவிலானில் ஒரு விதி உண்டு. கதவு மூடினால், எண்ணிக்கை முடியும்வரை திறக்காது. அந்த விதியை நான் உண்டாக்கவில்லை. ஏழு தாழ்ப்பாளையும் போட்டேன். ஆம், நான்தான்.

"மிசியே லோனூல், பிரமாதம். திறங்க."

"எண்ணுங்க, திறக்கறேன்."

சிரித்தார். "நாலு இருபது பத்தொன்பது, நாலு இருபது பதினெட்டு..."

"தப்பு. முதல்லேர்ந்து."

இரண்டாவது தடவையும் சிரித்தார். மூன்றாவது தடவை சிரிக்கவில்லை. சட்டைப்பையில் தொலைபேசி இருந்தது. தட்டு நுழைகிற வழியாக நான் அதைக் கேட்டு வாங்கும் முன் உங்கள் நிலையத்துக்குப் பேசிவிட்டார். தெருப் பெயரைச் சரியாகச் சொன்னார். வீட்டு எண்ணை அவர் ஊர் வழக்கப்படி சொன்னார். மூச்சு வாங்கிக்கொண்டு, நடுவில் நிறுத்தி: "அறுபது... பதினேழு."

அன்று மாலை உங்கள் ஆட்கள் இருவர் வந்தார்கள். ஜன்னலிலிருந்து பார்த்தேன். அறுபதாம் எண்ணில் மணி அடித்தார்கள், அது மதாம் குனாஸ் வீடு. பிறகு பதினேழாம் எண், முடி வெட்டுகிற கடை. அங்கே ஒருவர் முடி வெட்டிக்கொண்டார். போய்விட்டார்கள். எழுபத்தேழு என்று ஒரே சொல்லில் சொல்லியிருந்தால் அந்த மனிதர் அன்றே இரவு ரயிலைப் பிடித்திருப்பார். இதைவிடத் தெளிவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை. அவரிடம் சொன்னேன்.

சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. ஜோசெத் பழப்பாகு ஊற்றிய இறைச்சி உருண்டையும் வறுத்த உருளைக்கிழங்கும் அனுப்புவாள்.

"என்ன, இன்னும் எண்ணலையா அவரு?"

"தொண்ணூறுலயே முட்டிக்கிட்டு நிக்கறாரு."

"படிச்சவரு மாதிரி தெரிஞ்சாரே. உருண்டைய ஆற விடாமக் கொடு."

நான்காம் நாள் அவர் மாறினார். காலையில் நான் போனதும், யாரும் கேட்காமலே, தொண்ணூற்றொன்பது என்றார். ஒரே சொல். தொண்ணூற்றெட்டு. அப்படியே தொண்ணூறு வரை வந்தார். வெளியே நின்ற நான் கைதட்டினேன். அடுத்த எண்ணில் நின்றுவிட்டார்.

"இது என்ன சொல்லுவீங்க?"

"பொட்சோனுக்குத் தெரியும். தெரியாதவங்க கப்பலைக் கிளப்பக் கூடாது."

யோசித்தார். எழுபதுக்கு ஒரு சொல், தொண்ணூறுக்கு ஒரு சொல், நடுவில் இருப்பதற்கும் ஒரு சொல் இருக்கத்தானே வேண்டும் என்று கணக்குப் போட்டு, ஒரே சொல்லில் ஒன்று சொன்னார். சுவிட்சர்லாந்தில் சில மாகாணங்களில் அப்படிச் சொல்வார்கள். நல்ல சொல்தான். ஆனால் பொட்சோன் மலையில் பிறந்தவர் அல்ல.

"தப்பு. முதல்லேர்ந்து."

அடுத்த ஒரு வாரம் அந்த எண்ணுக்கு அவர் சொற்களை உண்டாக்கினார். லத்தீனில் முயன்றார். ஒரு தடவை ஏதோ இருமல் மாதிரி ஒன்றைச் சொல்லிவிட்டு என் முகத்தைத் துளை வழியாகப் பார்த்தார். மொத்தம் பதினாறு சொற்கள். குறித்து வைத்திருக்கிறேன். இரண்டு மூன்று மிகவும் அழகானவை. ஆனால் தன் பாரிஸ் வழக்கத்துக்கு ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. அவ்வளவு திருந்தியிருந்தார். எனக்கு நெகிழ்ச்சியாக இருந்தது.

ஒன்பதாம் நாள் அழுதார். "நூறு கட்டத்தையும் போடறேன், மிசியே. சத்தியமா. உங்க ஊர் எண்லயே போடறேன்."

"நல்ல விஷயம். எண்ணுங்க."

"அந்த ஒண்ணை மட்டும் சொல்லுங்களேன்."

சொல்லியிருக்கலாம். ஆனால் கட்டிலில் கிடந்த அந்தக் குளிர்காலத்தில் எனக்கு யாரும் எதையும் சொல்லித் தரவில்லை.

இன்று பதினோராம் நாள். ஜோசெத்தின் பிறந்தநாள். என்னைவிட ஒரு வயது இளையவள். பாலில் வெந்த அரிசி வைத்த வட்டக் கேக்கை அவளே செய்து, ஒரு மெழுகுவர்த்தி குத்தி, முட்டி வலியோடு படி இறங்கி வந்தாள். தட்டு நுழைகிற வழியில் ஒரு துண்டை நீட்டினாள்.

"இன்னிக்கு என் பிறந்தநாள், தம்பி. மிச்சம் வைக்காமச் சாப்பிடணும்."

"வாழ்த்துகள், மதாம்." எவ்வளவு மரியாதை தெரிந்த பிள்ளை. "எத்தனை வயசு?"

ஜோசெத் சொன்னாள்.

உள்ளே கேக் தட்டு விழுந்தது. பிறகு அவர் சிரிக்கத் தொடங்கினார். தகட்டில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார். அளவுமானிகள் கழன்றுவிடுமோ என்று பயந்தேன். ஜோசெத் என்னைப் பார்த்தாள்.

"வயசச் சொன்னா இதுல சிரிக்க என்ன இருக்கு?"

எனக்கும் விளங்கவில்லை. இன்னும் விளங்கவில்லை.

பிறகு எண்ணினார். தொண்ணூறு வரை ஒரே சொல்லில். அடுத்த பத்தை, பிறந்ததிலிருந்து சொல்லிவந்தவர்போல, ஒரு இடத்திலும் தட்டாமல் சொன்னார். எழுபதுகளை மீண்டும் ஒரே சொல்லில். நூறு எண்ணும் சரி. பூஜ்யம் என்றதும் நான் ஏழு தாழ்ப்பாளையும் எடுத்தேன். சொன்ன சொல்லை மீறுகிறவன் அல்ல நான். வழியில் சாப்பிட ஜோசெத் ஒரு துண்டைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். மறுக்கவில்லை, மேடம்.

நேராக எதிர்வரிசைக்குப் போய் மதாம் குனாஸ் வீட்டிலிருந்து உங்களுக்குப் பேசினார். என்ன சொன்னார் என்று அந்தம்மாவே தெருவில் நின்று சத்தம் போட்டுச் சொன்னார். வீட்டு எண் எழுபத்தேழு. ஒரே சொல்லில் சொல்லியிருக்கிறார். நீங்கள் ஒன்பது நிமிடத்தில் வந்துவிட்டீர்கள், வீடு தவறாமல். அவர் என்மேல் புகார் கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. சரியாகக் கொடுத்தார்.

அவரை நான் துன்புறுத்தினேன் என்கிறீர்கள். அந்தச் சொல்லைப் போட வேண்டும் என்றால் போடுங்கள். ஒரு மனிதன் பாரிஸிலிருந்து வந்து பதினோரு நாளில் எண்ணக் கற்றுக்கொண்டு போனான் என்று நான் சொல்வேன். நம் ஊரில் யாரும் எண்ணைக் கணக்காக்கிச் சொல்வதில்லை. அந்த ஒன்றுக்காகத்தான் இவ்வளவும்.

படிவமா? கேளுங்கள். அர்மான் லோனூல். கொதிகலன் தொழிலாளி, ஓய்வு. வீட்டு எண்தான் தெரியுமே. வயது, நாம் எல்லோரும் சொல்வதுபோலத்தான்: நாலு இருபது ஒன்று.