இரண்டு நாள் லைட் டியூட்டி

சிங்கப்பூர் தேக்கா சந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிக்கு மேல் போனால் நல்ல வாவல் மீன் கிடைக்காது. நான் ஏழு மணிக்கே போய்விடுவேன். நான்கு கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் கையில் பையோடு மீன் வாங்க நிற்கவேண்டுமா என்று என் மனைவி ரோஷினி கேட்பாள். செவுளைத் தூக்கி நானே பார்த்து வாங்கினால்தான் எனக்குத் திருப்தி. காருக்குத் திரும்பும் வழியில் ஒரு பழைய கடைவீடு. அதன் மாடியில்தான் நிவேதிதா தொழிலாளர்களுக்கு இலவசமாக வைத்தியம் பார்த்தாள். படிக்கட்டில் தொடங்கும் வரிசை நடைபாதைவரை நிற்கும். நான் எதிர்ப்பக்கமாகவே நடப்பேன்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன். அந்த இடத்தை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் ஆரம்பித்தோம். மருத்துவக் கல்லூரியில் ஒரே வகுப்பு. இரண்டு வருடம் ஒரு ஞாயிறுகூட நான் தவறவில்லை. பிறகு இரண்டாவது பிள்ளை பிறந்தான், தெம்பனிஸில் ஒரு கடை காலியானது, அங்கே சொந்தக் கிளினிக் திறக்க விலகிவிட்டேன். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. என்னை நம்பி முப்பத்தொரு பேர் வேலை பார்க்கிறார்கள். நானும் வைத்தியம்தானே பார்க்கிறேன்? அவளோ பெரிய மருத்துவமனை வேலையை விட்டாள். வாரத்தில் மூன்று நாள் எங்கோ சம்பளத்துக்குப் பார்த்துவிட்டு, மற்ற நாளெல்லாம் அந்த மாடியிலேயே கிடந்தாள்.

அவள் என்னை ஒருநாளும் குறை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் சொல்லியிருப்பேன், அதோடு முடிந்திருக்கும். ஒரு கல்யாண விருந்தில், பழைய வகுப்பு நண்பர்கள் பத்துப் பேர் உட்கார்ந்திருந்த மேசையில், "ராம் ரெண்டு வருஷம் வந்து செஞ்சதே பெரிய விஷயம்லா. எல்லாருக்கும் முடியுமா?" என்றாள். மனதாரத்தான் சொன்னாள். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆறு வருடம் ஆகிறது. அந்தக் கோபம் ஒரு நாளும் ஆறியதில்லை.

என் தொழிலைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கட்டுமான கம்பெனிகள் அடிபட்ட ஆட்களை என் கிளினிக்குக்குத்தான் அனுப்புகின்றன. விடுப்பு எழுதினால் கம்பெனிக்கு ஓர் ஆள் குறையும். லைட் டியூட்டி எழுதினால் ஆள் வேலையிடத்திலேயே இருப்பான், உட்கார்ந்து செய்யும் வேலையைக் கொடுப்பார்கள். கொடுக்கிறார்களா என்று நான் போய்ப் பார்ப்பதில்லை. என் வேலை எழுதுவது.

அருண்ராஜ் அறந்தாங்கிப் பையன், வயது இருபத்தேழு. சாங்கிப் பக்கம் ஒரு சரக்குக் கிடங்கு கட்டும் இடத்தில், வெள்ளிக்கிழமை ஏணியிலிருந்து சறுக்கி, இடது விலா இரும்புக் குழாயில் மோத விழுந்தான். அன்று என் கிளினிக்கில் இளைய டாக்டர் பார்த்து வலி மாத்திரை கொடுத்தார். வலி நிற்காமல் ஞாயிற்றுக்கிழமை நிவேதிதாவிடம் போனான். உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று அவள் மன்றாடியிருக்கிறாள். அவன் மறுத்துவிட்டான். கம்பெனி டாக்டர் கடிதம் இல்லாமல் போனால் செலவு தன் தலையில் விழும், ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். செலவைத் தானே கட்டுவதாக அவள் சொல்லியும் கேட்கவில்லை. அதனால் எனக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, மறுநாள் காலை எட்டு மணிக்கு என் கிளினிக் வாசலில் நிற்கவேண்டும் என்று சத்தியம் வாங்கி அனுப்பினாள். அன்று மாலை என்னை மூன்று முறை போனில் அழைத்தாள். நான் எடுக்கவில்லை.

திங்கட்கிழமை முதல் ஆளாக வந்தான்.

"மூச்சு இழுத்தா தோள் வலிக்குது சார்," என்றான்.

"எந்தத் தோள்?"

"இடது. ஆனா அடிபட்டது விலாவுலதான் சார்."

விலாவில் அடிபட்டவனுக்குத் தோள் வலித்தால் அதற்கு என்ன அர்த்தம் என்பது மருத்துவ மாணவனுக்கே தெரியும். வயிற்றை அழுத்திப் பார்த்தேன். இறுகியிருந்தது. நாடி வேகமாக ஓடியது. மண்ணீரல் கிழிந்து உள்ளே ரத்தம் கசிகிறது. எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம்தான் கடிதத்தைப் பிரித்தேன். அதே நோயைத்தான் எழுதியிருந்தாள். இன்றே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்று அடிக்கோடு போட்டிருந்தாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். கீழே ஒரு வரி: "உன்னை நம்பித்தான் அனுப்புகிறேன். பழைய ராமை எனக்குத் தெரியும்."

பழைய ராம். அப்படியென்றால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் யார்? என் கிளினிக்கில், என் நோயாளி எதிரில், எனக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கொடுக்க இவள் யார்? ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால் அவள் சொன்னபடி செய்ததாக ஆகும். கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தேன்.

"ஒண்ணுமில்ல தம்பி, தசைப்பிடிப்பு. ரெண்டு நாள் லைட் டியூட்டி எழுதுறேன்."

"டாக்டரம்மா வேற மாதிரி சொன்னாங்களே சார்?"

"அவங்க எல்லாத்துக்கும் பயப்படுவாங்க."

அவன் முகம் தெளிந்துவிட்டது. இரண்டு கையாலும் சீட்டை வாங்கிக்கொண்டு, "ரொம்ப நன்றி சார்," என்றான். மதியம் மூன்று மணிக்கு ஸ்டோரில் கையுறைகளை எண்ணிக்கொண்டிருந்தவன் சரிந்தான். ஆம்புலன்ஸ் வந்தபோது உயிர் இல்லை.

முதல் விசாரணையில், கடிதம் எதுவும் வரவில்லை என்றேன். அவன் செத்த அன்று மாலையே அதைக் காகிதம் கிழிக்கும் இயந்திரத்தில் போட்டிருந்தேன். கையால் எழுதியது, அவளிடம் நகல் கிடையாது. அவ்வளவு சந்தேகம் இருந்தால் நீங்களே ஏன் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை என்று அவளைக் கேட்டார்கள். அந்த மாதமே மாடியைக் காலி செய்தாள்.

ஒருநாள் தெம்பனிஸுக்கு வந்தாள். உட்காரக்கூட இல்லை.

"லெட்டர் உன் கைக்கு வரலைன்னு நீ சொல்லு ராம். நான் நம்பிடறேன்."

"வரல," என்றேன்.

நின்றபடியே அழுதாள். தானே அந்தப் பையனைக் கொன்றுவிட்டதாகச் சொன்னாள். நான் தண்ணீர் கொடுத்தேன், ஒரு வேலையும் கொடுத்தேன். நல்ல சம்பளம், ஜன்னல் உள்ள அறை. இப்போது அவளும் லைட் டியூட்டி எழுதுகிறாள். எதிர்த்து ஒரு வார்த்தை பேசுவதில்லை. மதியம் சேர்ந்தே சாப்பிடுகிறோம்.

நீங்கள் மேசையில் வைத்திருக்கும் படங்கள், அருண்ராஜின் அறைத்தோழன் இம்ரான் எடுத்தவை என்கிறீர்கள். அன்று காலை விடுதியிலிருந்து கிளம்பும் முன்பும், என் கிளினிக் வாசலிலும் ஒவ்வொன்று எடுத்திருக்கிறான். இரண்டாவது படத்தில் அருண்ராஜின் கையில் கடிதம் இருக்கிறது. ஆம், அது நிவேதிதாவின் கையெழுத்து. ஆம், என் கைக்கு வந்தது. படித்தேன். அவன் சாவான் என்று தெரிந்தே அனுப்பினேன்.

கம்பெனி ஒப்பந்தத்துக்காகச் செய்தேன் என்று பேசுகிறார்களாம். அதைக் கேட்டால்தான் எனக்கு மனம் பொறுக்கவில்லை. அவனை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தால் எல்லாச் செலவும் காப்பீட்டில் போயிருக்கும், எனக்கு ஒரு காசு நஷ்டம் இல்லை. நான் அப்படிப்பட்டவன் இல்லை, சார். பணத்துக்காக இதைச் செய்யவில்லை என்பதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.