பிப்பெட்டுல நிக்கற சொட்டு

அட, நீங்க மொதல்ல குந்துங்கண்ணாத்த. லேபு தொறக்க இன்னும் நேரம் கீது. அந்த செக்யூரிட்டிகிட்டப் போயி விசாரிச்சா அவன் இன்னாத்த சொல்லுவான், இப்பத்தான் வந்து சேந்தவன். என்னக் கேளுங்க. நைட்டு டூட்டி முடிச்சு வெளிய வந்து நிக்கறேன். பேரு தனகோடி. உள்ள கண்ணாடி சாமான் கழுவி வெக்கறது நாந்தான். டீ துன்னறீங்களா... சரி, குடிக்கறீங்களா? மாஸ்டரு, ரெண்டு டீ. ஒண்ணு சக்கர இல்லாம.

ஆமா, ரஞ்சித்குமாரு இங்கதான் வேல செய்றான். தண்ணி டெஸ்ட்டு பண்ற கெமிஸ்ட்டு. பொண்ணு குடுக்கறதுக்குத்தான கேக்கறீங்க? கண்டுபுடிக்க இன்னா கீது இதுல? அச்சரப்பாக்கத்துலேர்ந்து பஸ்ஸு மாறி பஸ்ஸு மாறி திருப்போரூரு வந்து, லேபுக்கு எதுத்தாப்புல நின்னுகினு, உள்ளயும் போவாம, ஊருக்கும் திரும்பாம வெள்ள வேட்டியோட ஒருத்தரு முழிச்சா வேற இன்னாவாம். டெஸ்ட்டுக்குத் தண்ணி பாட்டிலும் கையில இல்ல.

விசாரிக்கணும். தப்பே இல்ல. அதுவும் ரெண்டாந்தாரம். மொத சம்சாரம் செத்துப் பூட்ச்சின்னு புரோக்கரு சொன்னாரில்ல? சொல்லிட்டாரா. நல்லது.

அவள எப்டி வெச்சுகினானா? வரேன், அதுக்குத்தான் வரேன். மொதல்ல ஆளு எப்டின்னு கேளுங்க.

பிப்பெட்டுன்னு ஒண்ணு கீது. பாத்திருக்கீங்களா? நீட்டுக் கண்ணாடிக் குழா. நடுவுல மட்டும் எலிய முழுங்கன பாம்பாட்டம் வீங்கினு இருக்கும். ரப்பர் பல்ப சொருகி தண்ணிய மேல இழுத்து, கோட்டுக்கு நேரா கண்ண வெச்சுப் பாத்து, அப்பால இன்னொரு குடுவைக்கு வுடணும். எல்லாம் எறங்கிடும், மூக்குல மட்டும் ஒரு சொட்டு நிக்கும். அத ஊதக் கூடாது. அது நிக்கும்னு தெரிஞ்சுதான் கம்பெனிக்காரன் கோடே போட்டுகீறான். புதுசா வர்றதுங்க எல்லாம் ஊதும். வூட்ல எண்ண பாட்டில கவுத்துத் தட்டித் தட்டி வளந்ததுங்க, மிச்சம் வெக்க மனசு வராது. ரஞ்சித்து ஊத மாட்டான். முனைய குடுவ சொவுத்துல தொட்டு எடுத்துடுவான், புள்ள கன்னத்தத் தொடறாப்புல. அதான் ஆளு.

இல்லண்ணாத்த, சுத்தி வளைக்கல. நான் கழுவறவன், எனக்குத் தெரிஞ்ச வெதத்துல சொல்றேன்.

தண்ணி போடுவானா? நேராவே கேளுங்களேன், குடிப்பானான்னு. எங்க லேபு பெஞ்சமினு மாமல்லபுரத்துல வூடு கட்டி கிரகப்பிரவேசம்... அவங்க வேற இன்னாவோ சொல்வாங்க, பாதிரியார் வந்து மந்திரிச்சாரு. மொட்ட மாடியில இவனுக்கு பீரு ஊத்திக் குடுத்தாங்க. இவன் கிளாஸ கண்ணுக்கு நேரா தூக்கிப் புடிச்சு நொர அடங்கட்டும்னு பாத்துகினே நிக்கறான். டேய், சாம்பிள் இல்லடா, குடிடாங்கறான் பெஞ்சமினு. நொர அடங்கறதுக்குள்ள அது சூடாயி, கீழ வெச்சுட்டான். அவ்ளோதான் அவன் குடி.

கோவமா? அது வரவே வராது, அதாம் பேஜாரு. பிளாட்டு போட்டு விக்கற ஆளு ஒருத்தன் போரு தண்ணி எடுத்துகினு வந்தான். கடலாண்ட எடம், வாயில வெக்க முடியாது. உப்பு எவ்ளோ கீதுன்னு பாக்க இவன் சொட்டு சொட்டா மருந்து வுட்டுகினு கீறான், செவப்பு நீலமா மாறணும். மாறல. வுடறான், மாறல. ஏம்ப்பா, சீக்கிரம் மாறட்டுமேன்னான் அவன். நானா சார் மாட்டேங்கறேன், உங்க தண்ணிதான் மாட்டேங்குதுன்னான் இவன். கத்தல, சிரிக்கல. அந்தாளு பாட்டிலத் தூக்கினு பூட்டான்.

டீ ஆறுது, குடிங்க.

ஓ. அது உங்க காதுக்கு வந்துட்ச்சா. ஆமா, இன்னும் மொத மாமியா வூட்லதான் கீறான். பொத்தேரி தாண்டி. அவ போனப்பறம் இவனப் பெத்தவங்க கூப்ட்டாங்க, போவல. அந்த மாமியா, மாமனாரு எப்டியா? மாமியா சம்பூர்ணம் நல்ல மனுசி, வாய்தான் கொஞ்சம் நீளம். மாமனாரு ஒரு மாதிரி. பகல்ல தூங்கறேன்னு படுத்துகினு தூங்காத வூட்டச் சுத்தி சுத்தி வர்ற ஆளு. யாருக்கும் தொந்தரவு இல்ல. உங்க பொண்ணு விசயத்துல தலையிடுவாங்களா? மாட்டாங்க. நான் சொல்றேன்.

எப்டி அவ்ளோ நிச்சயமான்னா... சரி. நீங்க கேட்டதுக்கு வரேன். அவள எப்டி வெச்சுகினான்னு கேட்டீங்கள்ல.

அவளுக்கு வயித்துல கட்டி. ஆஸ்பத்திரியில இனிமே வூட்ல வெச்சுப் பாத்துக்கங்கன்னுட்டாங்க. வலிக்கு சிரப்பு. சிரப்பு மூடியில கோடு போட்டிருக்குமே, அத இவன் நம்பல. கோடு தடியா கீது, மேல் வெளிம்பா கீழ் வெளிம்பான்னு தெரியலன்னான். பாரிமுனை போயி புதுசா சின்ன பிப்பெட்டு ஒண்ணு வாங்கினு வந்தான். தரையில மண்டி போட்டு அளந்து, ஸ்பூன்ல வுட்டுக் குடுப்பான். அவ அந்த வலியிலயும் சிரிக்கும். ஏங்க, மருந்து குடுக்கறீங்களா, என்னய டெஸ்ட்டு பண்றீங்களான்னும்.

மூக்குல நிக்கற சொட்ட மட்டும் ஊத மாட்டான். பழக்கம் அப்டி.

வூட்டுக்கு வந்து பாக்கற நர்சம்மா ஒரு நாளு கவனிச்சிட்டாங்க. இன்னா தம்பி, இவ்ளோ மருந்து குழாயிலயே நிக்குதேன்னாங்க. அது கணக்குல இல்ல சிஸ்டருன்னான். தண்ணிக்கு சரி தம்பி, இது பாகாட்டம் கீதே, சொவுத்தெல்லாம் ஒட்டிகினு கீது பாருன்னாங்க. இவன் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தான். பாத்துகினே இருந்தான். கோடு தண்ணிக்குப் போட்டது. அது அவனுக்குத் தெரியாதா? லேபுல எவனாவது தேன அதுல அளந்தா இவன்தான் மொதல்ல கையப் புடிப்பான். வூட்ல மறந்துட்டான்.

அவ்ளோ நாளும் அவளுக்குக் கொறச்சலாக் குடுத்துட்டேன், அவ அவ்ளோ வலி கூடப் பட்டுட்டான்னு அவன் மனசுல ஒக்காந்துட்ச்சி. நர்சம்மா சொன்னாங்க, கொஞ்சூண்டுதான் தம்பி, அதனால ஒண்ணியும் ஆவலன்னு. அவளே சொல்லுச்சு, அளவெல்லாம் சரியாத்தான் இருந்துச்சு, மொகத்தத் தூக்கி வெச்சுக்காதன்னு. கேக்கல. இப்பவும் இன்னொரு பொண்ணு வாழ்க்கைய நான் கெடுக்கணுமாங்கறான். உங்ககிட்ட ஜாதகம் வந்ததே அவனுக்குத் தெரியாது.

யாரு குடுத்தாங்களா? நாங்கதான். நானும் சம்பூர்ணமும். அவ, காயத்ரி, என் பொண்ணு அண்ணாத்த. அவன் மருந்து குடுத்தப்ப அது தலையத் தூக்கிப் புடிச்சுகினது நாந்தான்.

எய்ந்துக்காதீங்க. குந்துங்க. மொதல்லயே சொல்லியிருந்தா மாமனாரு மருமவனத் தள்ளி வுடப் பாக்கறான்னு நெனச்சிருப்பீங்க. தள்ளி வுடல. எங்க கண்ணு முன்னாடி அவன் இப்டியே கெழவனாயிடுவான், அதப் பாக்க முடியல.

நாங்க சொன்னா கேக்க மாட்டான். பொண்ணப் பெத்தவரு நீங்க, இவ்ளோத்தயும் கேட்டுட்டு, அப்டியும் குடுக்கறேன்னு நீங்க வந்து சொல்லணும். இன்னிக்கே இல்ல. ஊருக்குப் போயி வூட்ல பேசுங்க, உங்க பொண்ணுகிட்டயும் எதயும் மறைக்காத சொல்லுங்க. புடிக்கலன்னா வுட்டுடுங்க, வருத்தமில்ல.

புடிச்சுதுன்னா கல்யாணத்துக்கு நானும் சம்பூர்ணமும் வந்து ஓரமா குந்தினு சாப்ட்டுட்டுப் போறோம். யாருன்னு யார்னா கேட்டா, மாப்ள லேபுல சாமான் கழுவற ஆளுன்னு சொல்லிடுங்க. பொய்யில்லயே.