ஐந்தாவது கழிப்பறையின் சாவி

இரவு ஒன்றரை மணி. ஊர் முடிந்த பிறகும் முடியாமல் நீளும் ஒரு சாலை. விளக்குக் கம்பம் உண்டு... விளக்கு கிடையாது. அந்தச் சாலையில் ஒரே ஒரு மாடி வீடு. என் கூட்டாளியின் பெரியம்மா வீடு.

மேலே சொல்வதற்கு முன்... யாருக்காவது கொல்லைப்பக்கம் போக வேண்டியிருந்தால் இப்போதே போய்விட்டு வந்துவிடுங்கள். பிறகு என்னைத் துணைக்குக் கூப்பிடக் கூடாது.

வீட்டில் ஆள் நாலு. கழிப்பறை ஐந்து. தரையெல்லாம் வழுவழுவென்று வெள்ளைக் கல். அந்த ஐந்தின் கழிவும் வீட்டுக்குப் பின்னால் ஓடும் பெரிய சாக்கடையில் போய் விழும். மூக்கு முன்வாசலில் இருக்கும்வரை பின்வாசலைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

பெரியம்மா பேரத்திலேயே வளர்ந்தவர். எமனே வந்தாலும் தள்ளுபடி கேட்பார். வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க வந்தவன் ஒருநாள், பொழுது சாய்ந்த நேரத்தில், வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான்.

"அம்மா, வயிறு ஒரு மாதிரி பண்ணுதும்மா. ஒரே நிமிஷம், உள்ள போயிட்டு..."

"எங்க பாத்ரூமுக்கா? நல்லாருக்கே! பின்னாடி சாக்கடை ஓரமா போயிட்டு வா."

"இருட்டிடுச்சும்மா. அங்க வழுக்கும்..."

"வழுக்காம போ."

போனான். காலையில்தான் தூக்கினார்கள். வாயிலும் மூக்கிலும் அடைத்திருந்தது என்னவென்று சொல்ல மாட்டேன், நீங்கள் சாப்பிட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். எல்லாம் அந்த வீட்டுச் சரக்குதான்... அது போதும். பெரியம்மா எட்டிப் பார்த்துச் சொன்னது ஒன்றே ஒன்று: "இன்னும் ரெண்டு சுவர் பாக்கி கெடக்கே!"

இரண்டு நாள் கழித்து, இரவில், கீழ்த்தளத்துக் கழிப்பறை உள்பக்கம் தாழிட்டிருந்தது. உள்ளே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். பெயின்டில் கலக்கும் டர்பன்டைன் வாடை. அதற்கு அடியில்... வேறொரு வாடை.

"யாரு உள்ள?" பெரியம்மா கதவைத் தட்டினார்.

"இரு, வந்துடறேன்." பெரியப்பாவின் குரல்.

பெரியப்பா பெரியம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்.

கதவை உடைத்தார்கள். யாரும் இல்லை. வெள்ளைக் கல் சுவரில் ஒரு கை அச்சு, ஐந்து விரலும் தெளிவாக. பெயின்ட் இல்லை அது.

அடுத்தடுத்து நாலு கழிப்பறைக்கும் அதே கதி. நாலையும் பலகை வைத்து ஆணி அடித்து மூடினார்கள். பெரியப்பாவும் மகனும் தங்கள் கடைக் குடோனில் போய்ப் படுத்துக்கொண்டார்கள். சரக்குக்குக் காவலாம்! மிஞ்சியது பெரியம்மாவும் எட்டு மாத வயிற்றோடு மருமகளும். பிறகு, பெரியம்மாவின் அறைக்குள் இருந்த ஐந்தாவது கழிப்பறை. அதன் சாவி அவர் இடுப்பில்.

"நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடறேன் அத்தை."

"அதெல்லாம் முடியாது. என் பேரன் இந்த வீட்டுலதான் பொறக்கணும். பொழுதோட என் ரூமுக்கு வந்து போயிட்டுப் போயிடு. இருட்டினப்புறம் யார் குரல்ல கூப்பிட்டாலும் நான் கதவைத் திறக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

அன்றைக்குத்தான் அந்த ஒன்றரை மணி.

டொக்... டொக்...

"அத்தை, நான்தான். உள்ள இருக்கறது உதைச்சு உதைச்சு... அடக்க முடியல அத்தை. கதவைத் திறங்க."

பெரியம்மா போர்வையைக் காதுவரை இழுத்தார். "போடா. உன் பருப்பு என்கிட்ட வேகாது."

"ஐயோ, உங்க மருமக அத்தை!"

"மருமகளா? அப்ப சாக்கடை ஓரமா போயிட்டு வா, போ!"

கொஞ்ச நேரம் ஒரு விசும்பல். பிறகு செருப்புச் சத்தம்... சரக்... சரக்... பின்கதவின் தாழ்ப்பாள் விலகியது. அப்புறம் ஒன்றுமில்லை.

பெரியம்மாவுக்கு உள்ளூரச் சிரிப்பு. பேய் கேட்ட விலைக்குப் படியவில்லை பாருங்கள், அந்தக் கெட்டிக்காரத்தனம்! பயம் இறங்கியதும் அவருக்கே முட்டிக்கொண்டு வந்தது. சாவியைப் போட்டுக் கழிப்பறையைத் திறந்தார். விளக்கைப் போட்டார். பளிச்சென்ற வெள்ளை. ஆள் இல்லை, அச்சு இல்லை, பினாயில் வாசனை மட்டும். நிம்மதியாக உட்கார்ந்தார்.

துள்ளி எழுந்தார்.

உட்காரும் இடம் சூடாக இருந்தது. யாரோ வெகு நேரம் உட்கார்ந்திருந்து, இப்போதுதான் எழுந்து போன சூடு. அது தொடையில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது.

அப்படியென்றால் அவன் இவ்வளவு நேரமும் இதற்குள்தான் இருந்திருக்கிறான். அப்படியென்றால் கதவைத் தட்டியது...

பெரியம்மா கத்த வாயைத் திறந்தார். தலைக்கு மேலே சின்ன ஜன்னல் திறந்திருந்தது. அதன் வழியே, பின்பக்க இருட்டிலிருந்து, மருமகளின் குரல் கேட்டது.

"யாருண்ணே அது? நல்லவேளை வந்தீங்க... கொஞ்சம் கையைக் குடுங்கண்ணே."