பொட்டு வைத்த எதிரிக் கத்தி

ஆயுத பூஜைக்கு மறுநாள், பெருநகர் என்ற கிராமத்திலிருந்து உத்திரமேரூர் போகும் பேருந்தில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். நான் ஜன்னலைப் பார்த்தபடி காதை மட்டும் அவர்களிடம் கொடுத்திருந்தேன்.

"எதிரி நாட்டுக் கத்திக்கு எங்க மாமனாரு பொட்டு வெச்சிட்டாருக்கா."

"இன்னாடி சொல்ற?"

"பங்களாதேஷ் சண்டைக்குப் போனவராச்சே. அவரு துப்பாக்கிய சர்க்காரு திருப்பி வாங்கிக்கிச்சி. எதிரிங்க துப்பாக்கி முனையில மாட்டுற கத்தி ஒண்ணு மட்டும் இவரு பெட்டியில வந்துடுச்சி. வருசா வருசம் அரிவாளு, மருந்தடிக்கிற மெஷினோட அதுக்கும் பூஜை."

"அதுக்கு இப்ப இன்னா?"

"எம்புள்ள போட்டோ புடிச்சி ஸ்டேட்டஸ் வெச்சிட்டான். கேஸாவும்னு எல்லாரும் பயங்காட்றாங்க. வக்கீலப் பாக்கத்தான் போய்க்கினு கீறேன்."

அவள் கைப்பேசி அடித்தது. பேசி முடித்ததும் பக்கத்திலிருந்தவளிடம் திரும்பினாள்.

"நானே ஒப்படைக்கிறேன்னு மாமனாரு பின்னாடி பஸ்ல ஸ்டேஷனுக்குக் கெளம்பிட்டாராம்."

"நல்லதுதான். பேப்பர்ல சுத்தி எடுத்துக்கினாரா?"

"கையிலயே புடிச்சிக்கினு கீறாராம்."

"ஐயோ! குங்குமத்தயாவது தொடச்சாரா?"

"பூஜையில வெச்சத தொடைக்கக் கூடாதாம்க்கா. கத்தி பூரா செக்கச்செவேல்னு கீதாம்."