சிவப்பு முற்றத்துக் கதவுகள்

என் பெயர் தெருவில் யாருக்கும் தெரியாது. "பேயக்கா வீடு" என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். வயது ஐம்பத்தெட்டு. பேருந்து நிலையத்துக்குப் பின்னால், அச்சகத்தின் மாடியில் தங்கையோடு குடியிருக்கிறேன். தையல் வேலை செய்கிறேன்.

இருபத்தைந்தாவது வயதில் ஒரு பேய்ப்படத்துக்கு உடை தைக்கப் போனேன். பேயாக நடிக்க வந்த நடிகைக்கு முகப்பூச்சு ஒத்துக்கொள்ளாமல் அவர் திரும்பிப் போய்விட்டார். அதன்பின் டைரக்டர் என்னைப் பார்த்து, "உயரம் சரியா இருக்கு, நீயே நில்லும்மா" என்றார். அப்படித்தான் நான் பேயானேன்.

கணவன் கொன்ற மனைவி திரும்பி வந்து அவனை அறை அறையாகத் துரத்திப் பழிவாங்குவதுதான் கதை. டைரக்டர் அதைக் கெட்ட கனவு போல எடுத்தார். ஒவ்வோர் அறைக்கும் ஒரு நிறம். சமையலறையில் சுவர், பாத்திரம், எங்கள் நகம்கூடப் பச்சை. படுக்கையறையில் கட்டிலும் மேசையும் கூரையில் தலைகீழாகத் தொங்கின. என் பின்னல் மாடிப்படி முழுக்க இறங்கி வாசல்வரை கிடக்கும். மேக்கப்காரரும் நானும் உட்கார்ந்து பின்னினோம். கடைசிக் காட்சிவரை சிவப்பே கண்ணில் படக்கூடாது என்று உத்தரவு. சிவப்புச் சட்டையோடு வந்த லைட்மேன் அதைக் கழற்றிவிட்டு, என் பேய் உடையை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறினார். அந்த நாட்களில் சிரித்ததுபோல் பிறகு நான் சிரித்ததில்லை.

படம் எடுத்தது டைரக்டரின் அக்கா வாழ்ந்த வீட்டில். படப்பிடிப்புக்கு நான்கு வருடம் முன்பு அதே வீட்டின் பின்னறையில் தீப்பிடித்து அவர் இறந்திருந்தார். கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்ததால் காப்பாற்ற முடியவில்லை என்று அவர் கணவர் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். வேறு ஊருக்குக் குடிபோயிருந்த அந்தக் கணவர், மச்சினனான டைரக்டர் கேட்டதும் வீட்டைச் சும்மா கொடுத்தார்.

கடைசிக் காட்சியில் முற்றம் முழுக்கச் சிவப்பு. சுவரே இல்லாமல் வரிசையாகக் கதவுகள் மட்டும் நிற்கும். எல்லாத் தாழ்ப்பாளும் வெளிப்பக்கம். நான் ஒவ்வொன்றாகத் திறக்க வேண்டும். "அவசரப்படாத. உள்ள உனக்கு வேண்டியவங்க இருக்காங்கன்னு நெனச்சுத் திற" என்று டைரக்டர் சொன்னார். எடுத்து முடித்து, காமிராமேன் ஓக்கே சொன்ன பிறகும் அவர் அந்தக் கதவுகளைப் பார்த்தபடியே நின்றார்.

படம் ஒரு வாரம்கூட ஓடவில்லை. டைரக்டர் பிறகு படமே எடுக்கவில்லை. போன வருடம் காலமானார்.

கடந்த ஞாயிறு பகலில் அவர் மகள் அந்தப் படத்தைப் பழைய தியேட்டரில் திரையிட்டார். இறந்துபோன அத்தையின் கணவரான மாமாவையும் அழைத்திருந்தார். அவருக்கு எண்பது இருக்கும். அதுவரை படத்தைப் பார்த்ததில்லை என்றார். அவர் பக்கத்து இருக்கையில் நான் இருந்தேன். கதவுக் காட்சி வந்தபோது அவர் என் பக்கம் சாய்ந்து, "தாழ்ப்பா வெளியதான் இருந்துச்சு. நான்தான் போட்டேன்" என்றார். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "கோவத்துல போட்டுட்டேன். தீப் பிடிச்சதும் தட்டினா. தெறந்தா என்ன சொல்வாளோன்னு நின்னுட்டேன்" என்றார். அதன்பின் தண்ணீர் கேட்டார். என் பாட்டிலைக் கொடுத்தேன். குடித்தார்.

திரையில் டைரக்டரின் பெயர் வந்து மறையும்வரை நான் எழவில்லை. அதன்பின் வெளியே வந்து மகளிடம் சொன்னேன். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்பாவுக்குத் தெரியும்க்கா. ஆனா மாமா வாயால சொல்லி யாரும் கேட்டதில்ல" என்றார். அதன்பின் இருவருமாக இந்த ஸ்டேஷனுக்கு வந்தோம்.

படத்தைப் பார்த்துப் பயந்து உளறியிருப்பாரோ என்று அய்யா கேட்டீர்கள். அவர் குரல் நடுங்கவில்லை. விளக்கு எரிந்ததும் என் முகத்தைப் பார்த்து, "அந்தப் பொண்ணு நீதானா? நல்லா செஞ்சிருக்கம்மா" என்றார்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னதுதான், கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. நீதிமன்றத்தில் அவர் எதிரில் நின்றும் இதையே சொல்வேன்.

(கையொப்பம்)