நீல கேட் வீடு

டேஷ்போர்டைக் கழற்றுகிறவர்களில் பாதிப் பேர் அவசரக்காரர்கள். தட்டையான எதையாவது செருகி ஒரே இழுப்பாக இழுப்பார்கள்; உள்ளே இரண்டு பிளாஸ்டிக் கொக்கிகள் உடையும். அப்போது ஒன்றும் தெரியாது. ஒரு மாதம் கழித்துக் கார் கிரீச் கிரீச் என்று கத்தும்போதுதான் தெரியும். இருபத்திரண்டு வருடத்தில் நான் ஒரு கொக்கியைக்கூட உடைத்ததில்லை, இன்ஸ்பெக்டர் துவான். ஈப்போவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சின் காம் ஃபாட் கை வைத்த கார் சத்தம் போடாது.

என் மனைவி சூக் லெங் சிம்பாங் பூலாய் சந்திப்பில் கல் லாரி மோதி இறந்ததைப் பற்றி என் வார்த்தையிலேயே எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். எழுதுகிறேன். ஆனால் என் தொழிலைச் சொல்லாமல் அதைச் சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

முன்பு காரில் ரேடியோ பாடினால் போதும். இப்போது எல்லோருக்கும் டேப்லெட் வேண்டும். வீட்டில் பிள்ளைகள் கஞ்சி சிந்திய டேப்லெட்டைக்கூடத் துடைத்து எடுத்துக்கொண்டு வந்து, டேஷ்போர்டில் பதித்துக் கொடு என்பார்கள். மேப், பாட்டு, போன் எல்லாம் அதில் வர வேண்டும். சரி, கடவுச்சொல்லைப் போடுங்கள் என்றால் திருதிருவென்று முழிப்பார்கள். அதனால் இந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கடையின் கணக்கைப் போட்டு மேப்பை ஓடவிட்டு, வீட்டுக்குப் போய் மாற்றிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிடுவேன். மாற்றினார்களா இல்லையா என்று பின்னாலேயே ஓடவா முடியும்?

இன்னொன்று கைபிரேக் கம்பி. டேப்லெட்டைக் காரோடு இணைக்கும் பெட்டியிலிருந்து ஒரு கம்பி கைபிரேக்குக்குப் போகும். கைபிரேக் போட்டிருந்தால்தான் திரையில் படம் வரும். கார் ஓடும்போது மேப் மட்டும்தான். வருகிறவர்கள் உட்காருவதற்கு முன்பே, "அந்தக் கம்பிய ஏமாத்தி விட்டுடுங்க, முதலாளி" என்பார்கள். ஏமாற்றிவிடுவேன். கார் நின்றிருப்பதாகவே பெட்டி எப்போதும் நம்பிக்கொண்டிருக்கும். நான் ஏமாற்றாமல் விட்ட ஒரே கார் சூக் லெங்கினுடையது. அதற்குப் பெயர் அன்பு இல்லையென்றால் வேறு என்ன?

அவளுக்குத் திரையே வேண்டாம். பொருத்திய அன்று காரில் ஏறி உட்கார்ந்து, என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"ரோட்டப் பாக்கவே எனக்கு ரெண்டு கண்ணு பத்தல. இதுல டிவி வேறயா? உன் மூஞ்சிய வீட்டுல பாக்குறது போதாதா, ஃபாட்?"

எதற்கெடுத்தாலும் கிண்டல்தான் அவளுக்கு. நான் கோபித்துக்கொள்ளவில்லை. ஓட்டும்போது கையை எடுக்க வேண்டாமே என்று, நான் கூப்பிட்டால் அந்த அழைப்பும், நான் அனுப்பும் படமும் டேப்லெட்டில் தானாகவே திறக்கும்படி அமைத்துக் கொடுத்தேன். அவளுக்கும் கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. கடைக் கணக்கையே போட்டேன்.

சீனப் புத்தாண்டு முடிந்த வாரம். கடையில் ஓய்வாக இருந்தபோது, அவள் எங்கெல்லாம் போய் வருகிறாள் என்று பார்க்கத் தோன்றியது. எந்தக் கணவனுக்கும் தோன்றக்கூடியதுதான். கணக்கைத் திறந்து பழைய பயணங்களைப் பார்த்தேன். செவ்வாய், வியாழன், காலை பத்தரை மணி, பெர்ச்சாமில் ஒரு தெரு. நாற்பது நிமிடம். அதற்கு முந்தைய வாரமும் அப்படியே. அதற்கு முந்தைய வாரமும்.

அடுத்த செவ்வாய் பத்தே முக்காலுக்கு அவளுடைய கைப்பேசிக்கு அழைத்தேன். எங்கே இருக்கிறாய் என்று சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"மார்க்கெட்ல தவ்கே வாங்கிட்டு இருக்கேன். வேற எங்க இருப்பேன்?"

மேப்பில் கார் பெர்ச்சாமில் நின்றது. சாயங்காலம் மேசையில் அந்தத் தவ்கே முளைப்பயறு இருந்தது, கொழுகொழுவென்று, அன்று வாங்கியதுதான். காலையில் சீக்கிரமே வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு பெர்ச்சாமுக்குப் போயிருக்கிறாள். அந்த அளவுக்கு யோசிக்கிறவள் என்று அதுவரை எனக்குத் தெரியாது. ஒரு வாய்கூட இறங்கவில்லை. உடம்பு சரியில்லையா என்று கேட்டு நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். அந்தக் கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மேப்பில் நிறையக் குழப்பங்கள் இருந்தன, ஊர் முழுக்கக் கார் நின்றதாகக் காட்டியது, ஒப்புக்கொள்கிறேன். குனோங் ராப்பாட்டில் அவள் அக்காவின் பிஸ்கெட் கடை வாசலில் நிற்கிற கார், இரண்டு நிமிடத்தில் பெர்ச்சாமில் நிற்கும். இடையில் பாதையே இருக்காது. டேப்லெட்டை அணைத்துவிட்டு ஓட்டுகிறாள் என்று புரிந்துகொண்டேன். குற்றம் இல்லாதவள் எதற்கு அணைக்க வேண்டும்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் கோயிலுக்குப் போயிருந்தபோது, அந்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். நீல நிற கேட். உள்ளே ஒரு பம்ப்ளிமாஸ் மரம். வாசலில் ஆண்கள் அணியும் பெரிய செருப்பு ஒரு ஜோடி. அதற்கு மேல் எனக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பினேன். செவ்வாய்க்கிழமையே போய் நேரில் பார்த்திருக்கலாமே என்று கேட்டீர்கள், துவான். செவ்வாய்க்கிழமை எனக்குக் கடையில் வேலை இருந்தது.

மார்ச் இரண்டாம் வாரம் அவள் காரைக் கடைக்குக் கொண்டுவரச் சொன்னேன். பின்பக்கக் கேமராவின் இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று சொன்னேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து அக்கா கொடுத்த ஹியோங் பியா பிஸ்கெட்டைத் தின்றுகொண்டு, சட்டையெல்லாம் துகளாக, நான் வேலை செய்வதையே பார்த்துக்கொண்டிருந்தாள். டேஷ்போர்டைக் கழற்றினேன். கைபிரேக் கம்பியை எடுத்து, மற்ற கார்களில் செய்வதைப் போலவே செய்தேன். ஒரு கொக்கிகூட உடையவில்லை. கேமரா சரியாகிவிட்டதா என்று கேட்டாள். சரியாகிவிட்டது என்றேன்.

உங்களுக்கு வேண்டிய இடம் இதுதான் என்று தெரியும். அதனால்தான் மறைக்காமல் எழுதுகிறேன்.

சூக் லெங் தினமும் அக்கா கடையில் வேலை முடித்து ஐந்து மணிக்குக் கிளம்புவாள். ஐந்தேகாலுக்குச் சந்திப்பில் வலதுபக்கம் திரும்ப வேண்டும். எதிரே கல்குவாரி லாரிகள் மலையிலிருந்து பாரத்தோடு இறங்கி வரும். அவற்றால் நினைத்த இடத்தில் நிற்க முடியாது. இதெல்லாம் அந்தப் பக்கத்தில் குடியிருக்கிற எல்லோருக்கும் தெரியும். சூக் லெங் மிகக் கவனமாகத்தான் திரும்புவாள்.

விபத்து நடந்த புதன்கிழமை ஐந்து பன்னிரண்டுக்கு அழைத்தேன். தானாகத் திறந்தது. சாயங்காலம் மீன் வறுக்கட்டுமா, ஆவியில் வேக வைக்கட்டுமா என்று கேட்டாள். ஆவியில் என்றேன். வலதுபக்கம் திரும்பப் போடும் சிக்னல் விளக்கின் டிக் டிக் சத்தம் கேட்கத் தொடங்கியது. கொஞ்சம் பொறுத்தேன். வண்டி நகரும் சத்தம் கேட்டது. அப்போதுதான் படத்தை அனுப்பினேன். திரை முழுவதும் நீல கேட் வந்திருக்கும்.

"இது யாரு வீடு, ஃபாட்?" என்றாள்.

அவள்தானே சொல்ல வேண்டும். நான்கு எண்ணும் அளவுக்கு நேரம் இருந்தது. நான் எண்ணினேன். பிறகு லாரியின் ஹாரன் கேட்டது. அதன் பிறகு இணைப்பு அறுந்துவிட்டது.

கையிலிருந்த காரை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன். அதன் உரிமையாளர் மதியத்திலிருந்து காத்துக்கொண்டிருந்தார்.

முந்தாநாள் நீங்கள் ஒரு பட்டியலைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தீர்கள். என் கடைக் கணக்கு இன்னும் முப்பத்தொரு கார்களில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கிறது என்றீர்கள். அத்தனை கார்களின் பயணங்களும் ஒரே இடத்தில் கலந்து சேர்ந்திருக்கின்றன என்றீர்கள். பெர்ச்சாமுக்குப் போனது சல்பியா என்கிற நர்ஸின் கார். நீல கேட் வீட்டில் இருப்பவர் அவருடைய பெரியப்பா. செவ்வாயும் வியாழனும் பெரியப்பாவின் காலிலுள்ள புண்ணுக்குக் கட்டு மாற்ற சல்பியா போகிறார். சூக் லெங் அந்தத் தெருவில் காலே வைத்ததில்லை என்றீர்கள். சல்பியாவின் கார் எனக்கு நினைவிருக்கிறது. வெள்ளை நிறம். கதவுப் பக்கம் ஒரு கீறல்.

கம்பியை மாற்றினேன். அழைத்தேன். படத்தை அனுப்பினேன். எந்த இடத்தில் அனுப்புகிறேன் என்று தெரிந்தேதான் அனுப்பினேன். இதற்குக் கீழே கையெழுத்துப் போட எனக்குத் தயக்கம் இல்லை.

ஆனால் உங்கள் பட்டியலை வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி யோசித்தேன், துவான். ஒன்று மட்டும் ஒத்துவரவில்லை. ரோட்டைப் பார்க்கவே இரண்டு கண் போதாது என்றவள் அவள். அது யார் வீடு என்று நிஜமாகவே அவளுக்குத் தெரியாதென்றால், எதற்கு அதை அத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்?